ஒற்றைப்பனைத் திட்டில் நான் ஆடிய ஆள்

இரும்பைப் பற்றி எழுதத்தான் என்னை அனுப்பினார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயல்களுக்கு நடுவே புகைபோக்கிகள் எழும்பிக்கொண்டிருந்தன. வேலைக்கு ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்து ஞாயிறு இதழுக்கு அரைப்பக்கம் எழுத வேண்டும். மூன்று நாள் கொடுத்தார்கள். நான் நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். அரைப்பக்கம் அச்சில் வந்துவிட்டது. அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் காலை பாசஞ்சர் வண்டி ஒரு ஸ்டேஷனுக்கு வெளியே அரை மணிக்கு மேல் நின்றது. எஞ்சினுக்குத் தண்ணீர் போதவில்லை என்றார் ஒருவர். கார்டுக்குத் தூக்கம் போதவில்லை என்றார் இன்னொருவர். பெட்டியில் பாதிப் பேர் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டு குதித்து, தண்டவாளத்தின் ஓரமாக நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஷிப்டுக்குப் பிந்தினால் கேட்டைச் சாத்திவிடுவார்களாம். எங்கள் கும்பகோணம் பக்கத்தில் வண்டி நின்றால் யாரும் இறங்கி நடக்கமாட்டோம். உட்கார்ந்தபடியே சர்க்காரைத் திட்டுவோம். நான் உட்கார்ந்திருந்தேன்.

கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் எதிரே ஓலைக் கொட்டகையில் நாஷ்டா கடை. இட்லியும் வடகறியும் நன்றாக இருந்தன. ஆலைக்குள் கம்பி விழும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்ததால் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இட்லியை ஆறவிட்டிருந்தேன்.

"இன்னா சார், எழுதிக்கினே கீறீங்கோ? டீயும் ஆறிப்போவுது."

பக்கத்து பெஞ்சில் இருந்தவர் சொன்னார். முப்பது வயது இருக்கும். வலது கை மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை துணி சுற்றியிருந்தது. அந்தக் கையைக் கோழிக்குஞ்சை அணைத்து வைத்திருப்பவரைப் போல மார்போடு தூக்கி வைத்திருந்தார். டீ கிளாஸை இடது கையால் எடுத்தார். குடிக்கும் முன் ஒரு சொட்டைத் தரையில் சாய்த்தார். அது ஏன் என்று கேட்டேன். "ஏரிக்கு" என்றார். ஏரி அங்கிருந்து பத்துப் பதினைந்து மைல்.

அவர் பெயர் ஏகாம்பரம். பழவேற்காடு ஏரிக்குள் ஒற்றைப்பனைத் திட்டு என்ற மணல்திட்டில் வீடு. நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் முதலில் சொன்னது, "எம் பேர மட்டும் போட்டுடாதீங்க சார்."

காரணத்தையும் சொன்னார். ஏரியில் வலை கட்டினால் மீன் விழும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாள் எந்த வீடு எந்த இடத்தில் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு வரிசை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தண்ணீரில் இறங்கும் ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் பாடு. கம்பெனிச் சம்பளத்துக்குப் போனவன் வீட்டுக்குக் கிடையாது. ஒரு முறை விட்டுப்போன பாடு திரும்ப வராது.

"இங்க மூணு மாசம் பாப்பாங்க சார். புட்சிருந்தா வெச்சுக்குவாங்க, இல்லன்னா கேட்டாண்ட விட்ருவாங்க. அப்போ திரும்பிப் போவ தண்ணி வேணுமில்ல? தடா பக்கம் மாமன் படகுல ஏறிக்கறேன்னு ஊருல சொல்லிக்கினு வந்துட்டேன். எம் பொண்டாட்டி பச்சையம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவ தம்பிய வெச்சுக்கினு எம் மொறைக்கு வலை கட்றா."

"கை?"

"கெடக்கட்டும்" என்றார். எதைச் சொன்னாலும் அந்த வார்த்தையை முன்னால் வைத்துக்கொண்டார். "ஆறு நாளாச்சு. சிவக்கக் காஞ்ச கம்பி வளைஞ்சு வந்து நக்கிட்டுப் போச்சு. ரெண்டு வெரல் அசையுது. மத்தது போகப் போகத் தெரியும்ன்றாரு கம்பவுண்டர். இப்போ பெருக்கற வேலை குட்த்துக்கீறாங்க. ஊட்டுக்குச் சொல்லல சார். சொன்னா பொறப்பட்டு வந்துடுவா. அவ வந்தா ஊருக்கே தெரிஞ்சிடும்."

பெயரைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் தலையாட்டினார். பிறகு, எழுதுகிற ஆளாக இருப்பதால் நான் தங்கள் திட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு என்றார். நாளை மறுநாள் அங்கே மறியாட்டம். அந்தத் திட்டைத் தவிர வேறு எங்கும் ஆடுவதில்லை. "பொறந்ததுலருந்து நான் இல்லாத மொத ஆட்டம் இது. நீங்களாச்சும் போய்ப் பாருங்க."

இரும்பைப் பற்றி அதற்குள் ஆறு பக்கம் எழுதியிருந்தேன். அது போதும் என்று தோன்றிவிட்டது.

இரண்டாம் நாள், பொன்னேரியைத் தாண்டியதும் பஸ் ஒரு சத்தம் போட்டு நின்றது. கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, எல்லோரும் இறங்கினால் வண்டி போகும் என்றார். எல்லோரும் இறங்கினோம். வண்டி போய்விட்டது. கால் மைல் தள்ளி, பாலத்துக்கு அப்பால் நின்று ஹாரன் அடித்தது. எனக்கு முன்னால் கூடையோடு ஓடிய இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தவரை, "இந்த டிரைவருக்குப் பெண் கொடுத்தவள் பாவம்" என்றாள் ஒருத்தி. "கல்யாணத்தன்றும் மாப்பிள்ளை இப்படித்தான் முன்னால் ஓடியிருப்பான்" என்றாள் மற்றவள்.

ஏரியில் துடுப்பு கிடையாது. மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுகிறார்கள். நடு ஏரியில் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. ஆறு பேரும் இறங்கித் தள்ளினோம். தண்ணீர் முழங்கால் அளவுதான். கடலைப் போல அகன்று கிடக்கும் அந்தத் தண்ணீரின் நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் கூடச் சிரிக்கவில்லை. தண்ணீர் வற்றுவது அவர்களுக்கு வேடிக்கை இல்லை.

திட்டில் முப்பது வீடுகளுக்கு மேல் இராது. கயிற்றுக்காரர் மாசிலாமணியைக் கேட்டு வரும்படி ஏகாம்பரம் சொல்லி அனுப்பியிருந்தார். ஆட்டத்தை நடத்துபவருக்கு அங்கே கயிற்றுக்காரர் என்று பெயர். நாற்பத்தைந்து வயது, அகன்ற தோள், எப்போதும் எதையாவது கடித்துக்கொண்டிருக்கும் வாய். பத்திரிகை என்று சொன்னேன். யார் அனுப்பினார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெளியூர்க்காரன் வந்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணம் வருவது அங்கே வழக்கம். பாறைபோல் கெட்டியான கேழ்வரகுக் களி, பொரித்த மடவை மீன், புளி தூக்கலான இறால் தொக்கு என்று ஒன்பது கிண்ணங்கள் வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். கடைசியாக நண்டுக் குழம்போடு ஒரு பெண் வந்தாள்.

"பச்சையம்மா, சாருக்குக் காலு பாத்துப் போடு" என்றார் மாசிலாமணி.

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்று கேட்டாள். கும்மிடிப்பூண்டி என்றேன். அகப்பை ஒரு கணம் நின்றது.

"அங்க கம்பெனி ஜனமெல்லாம் நல்லா கீறாங்களா?"

மழை பெய்ததா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். "இருக்கிறார்கள்" என்றேன். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரகசியத்தைக் காத்துவிட்டதாக எனக்குப் பெருமை. அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சாப்பிட்ட பிறகு மாசிலாமணி ஆட்டத்தின் முறைகளைச் சொன்னார். மேடை இல்லை, கதைப் புத்தகம் இல்லை, வேஷம் இல்லை. மணலில் வலைக்கயிற்றை வட்டமாகப் போடுவார்கள். உள்ளே அவன் என்று ஒருவன், அவள் என்று ஒருத்தி. கயிற்றுக்காரர் கதையைத் தொடங்கிவைப்பார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்காவது உள்ளே நடப்பது சரியில்லை என்று பட்டால் "மறிச்சேன்" என்று கூவி, கயிற்றைத் தாண்டிப் போய், அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டுத் தானே அந்த ஆளாக ஆட வேண்டும். அதையும் இன்னொருவர் மறிக்கலாம். இனி மறிக்க ஆளில்லை என்ற நிலை வரும்போது கயிற்றைச் சுற்றி எடுத்துவிடுவார்கள். கடைசியாக நின்றது எதுவோ அதுதான் ஊருக்கு உண்மை. சண்டை, சந்தேகம், பங்கு, பாடு எல்லாம் அங்கே அப்படித்தான் தீர்கிறது.

"கயித்துக்குள்ள பேரு கெடையாது, நைனா. யாரு பேரையும் எடுக்கக் கூடாது. அப்புறம், உள்ள நிக்கறவன கேள்வி கேட்டா ஊமையா நிக்கக் கூடாது."

"உண்மையைத்தான் சொல்ல வேண்டுமா?"

"யாரு சொன்னது? பொய் சொல்லலாம். தாராளமா சொல்லலாம். வாய மூடிக்கினு நிக்கத்தான் கூடாது."

பார்க்க வருகிறவர்களுக்கு எங்கே இடம் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எங்கள் ஊரில் நாடகம் பார்க்கிறவனுக்குச் சும்மா இருப்பதுதான் வேலை. விசிறி, வெற்றிலை, நடுவில் ஒரு தூக்கம். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், அவ்வளவுதான். அதை அவரிடம் விளக்கினேன். "அப்போ எதுக்குப் போறீங்க?" என்றார்.

மூன்றாம் நாள் ஆட்டம். திட்டுக்காரர்கள் விடிவதற்கு முன்பே ஏரிக்குப் போகிறவர்கள், அதனால் ஆட்டத்துக்கு உரிய நேரம் பகல்தான். மீனைக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மதியம் எல்லோரும் மணலில் கூடினார்கள். மாசிலாமணி கயிற்றைப் போட்டார். படகுக் கழியால் ஒரு கவிழ்த்த படகின் வயிற்றில் மூன்று தட்டு தட்டினார். "அவன் போனான். போயி நாளாச்சு. அவ காத்துக்கினு கீறா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் அரை மணி நேரம் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஓர் இளைஞன் அவனாக வந்து, "சோறு போடு" என்றான். முன்வரிசையில் இருந்த வெள்ளைத் தலைக் கிழவி ஒருத்தி, "மறிச்சேன்! வந்ததும் வராததுமா சோறாடா? சேத்துக் கால கழுவுடா மொதல்ல!" என்று உள்ளே பாய்ந்து, தானே ஆம்பிளைக் குரலில் அவனாகி, பத்து நிமிஷம் கால் கழுவினாள். ஒரு கனத்த ஆள் அவளாக வந்து முந்தானை இல்லாத தோளில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். அவரை அவர் மனைவியே மறித்து வெளியே அனுப்பினாள். "ஊட்லயும் இப்டி ஒரு நாள் அடுப்பாண்ட நில்லு" என்றாள். கூட்டம் மணலைத் தட்டிச் சிரித்தது.

பிறகுதான் ஆட்டம் எதை நோக்கிப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த இளைஞன் மறுபடி உள்ளே போனான். இந்த முறை தலையில் தொப்பி, வாயில் சிகரெட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே இங்கிலீஷ் போல ஏதோ சத்தம். ஆலைச் சங்கு ஊதினால் துள்ளி எழுவதைப் போல நடித்தான்.

"தடாவுல எந்தப் படகுல சங்கு ஊதறாங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். சிரிப்பு எழுந்தது. எல்லோரும் பச்சையம்மாவைப் பார்க்காமல் பார்த்தார்கள்.

பச்சையம்மா எழுந்தாள். மறித்து உள்ளே போய் அவளானாள். நான் பார்த்த நடிகைகளில் அவளுக்கு இணையாகச் சிலரைத்தான் சொல்ல முடியும். "சங்கு ஊதாம? எங்க ஊட்டுக்காரன் கொறட்ட உட்டா படகே சங்கு மாதிரிதான் ஊதும். அந்தச் சத்தத்துல கொடுவா மீனு பயந்துபோயி தானா வலைக்குள்ள வந்து வுழுது" என்றாள். தடாவில் மாமன் வீடு, மாமன் பெண்டாட்டியின் வாய், படகில் ஓட்டை அடைத்தது என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஒன்றும் உண்மை இல்லை. கூட்டம் அவள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் மறித்தார்கள், இரண்டு பேரையும் பேச்சால் வெளியே அனுப்பிவிட்டு, கயிற்றுக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கயிற்றைச் சுற்றியிருப்பார்கள். அவள் சொன்ன தடா ஊருக்கு உண்மையாகியிருக்கும். பாடு கைவிட்டுப் போயிருக்காது.

தொப்பிக்கார இளைஞன் மூன்றாம் முறை உள்ளே போனான். மறுபடி ஈர்க்குச்சி, மறுபடி இங்கிலீஷ்.

அந்த நடிப்பு என்னை உறுத்தியது. ஒன்றுகூடச் சரியில்லை. ஆலைத் தொழிலாளி தொப்பி போடுவதில்லை, நிமிர்ந்து நடப்பதில்லை, காது மந்தமாவதால் கத்திப் பேசுகிறான். பன்னிரண்டு வருஷம் மற்றவர்கள் எழுதியதில் பிழை திருத்திய கை என்னுடையது. தப்பான ஒன்று கண்முன் நடந்தால் அது சும்மா இருக்காது. அந்த நேரம் பார்த்து வெள்ளைத் தலைக் கிழவி திரும்பி, "இன்னா நோட்டுக்காரரே, குந்திக்கினே கீறியே, உனுக்கு வாயில்லியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"மறித்தேன்" என்றேன்.

பேரைச் சொல்லமாட்டேன் என்றுதான் வாக்கு. கயிற்றுக்குள் பேரே கிடையாது. எல்லாம் பொருந்திவிட்டதாக எனக்குப் பட்டது. ஒரு டீ கிளாஸ் கேட்டேன், தண்ணீரோடு கொடுத்தார்கள். வலது கையை மார்போடு தூக்கி வைத்துக்கொண்டேன். இடது கையால் கிளாஸை எடுத்தேன். ஒரு சொட்டைத் தரையில் சாய்த்துவிட்டுக் குடித்தேன். தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு, ஆலைக் காதுக்குக் கேட்கும் குரலில், "கெடக்கட்டும்" என்றேன்.

முதலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. சுற்றிலும் சத்தமே இல்லை. அந்த அமைதியை என் நடிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அதனால் இன்னொரு முறை, இன்னும் சரியாக, "கெடக்கட்டும்" என்றேன்.

"மறிச்சேன்."

பச்சையம்மா உள்ளே வந்தாள். அவள் என்னை வெளியே அனுப்பவில்லை. நான் அவனாகவே நிற்க, அவள் அவளாக எதிரே நின்றாள்.

"தடாவுலருந்து எப்போ வந்தே?"

எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள் என்பது அப்போதே புரிந்தது. "கெடக்கட்டும், இப்பத்தான்" என்றேன். அதுவரை சரி. கூட்டத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். அவள் அப்படியே என்னைப் பேச்சில் இழுத்து வெளியே தள்ளியிருப்பாள். ஆனால் அவள் பார்வை என் வலது கைக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"கையி இன்னாய்யா?"

கெளுத்தி முள் குத்திவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஏரிக்காரர்கள் பாதிப் பேருக்குக் கெளுத்தி குத்திய கைதான். மாசிலாமணி முந்தின நாள்தான் சொன்னார், பொய் சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம் என்று. என் வாழ்க்கையில் பொய் சொல்ல அனுமதி உள்ள இடம் அது ஒன்றுதான். கேட்கிறவளும் அந்தப் பொய்யைத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"சிவக்கக் காஞ்ச கம்பி நக்கிட்டுப் போச்சு" என்றேன். அவர் சொன்ன சொல் அப்படியே வந்தது.

"எத்தினி நாளாச்சு?"

முதல் நாள் அவர் ஆறு என்றார். நான் இரண்டைக் கூட்டினேன். "எட்டு நாள்."

"வெரலு அசையுதா?"

"ரெண்டு அசையுது."

அவள் முகத்தில் ஆட்டம் எதுவும் மிச்சமில்லை. கயிற்றுக்குள் யாரும் பேசாத விதத்தில், என்னைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"சார், ஆஸ்பத்திரிக்குப் போனானா?"

பாடு போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். கையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வியிலேயே தெரிந்திருக்க வேண்டும். கணவனின் கைக்கும் வீட்டின் பாடு முறைக்கும் நடுவில் நின்று, அவ்வளவு பேர் முன்னிலையில், ஒரு நிமிஷத்தில் அவள் தேர்ந்தெடுத்தாள். அந்த இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். கம்பவுண்டர் கட்டுப் போடுகிறார், பெருக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள், ஆள் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். என் வலது கை இன்னும் மார்பில் இருந்தது. அதைக் கீழே விட மறந்திருந்தேன்.

மாசிலாமணி எழுந்தார். "மறிக்கறவங்க கீறீங்களா?" என்றார். யாரும் அசையவில்லை. இன்னும் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை அந்தத் தொப்பிக்கார இளைஞனையே பார்த்துக் கேட்டார், மறித்துவிடேன் என்று கெஞ்சுவதுபோல. அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்துகொண்டான். மாசிலாமணி கயிற்றைச் சுற்றி எடுத்தார்.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. வெள்ளைத் தலைக் கிழவி எனக்குக் குடிக்க மோர் கொண்டுவந்தாள். சாப்பாட்டு வேளைக்கு மறுபடி எல்லா வீட்டிலிருந்தும் கிண்ணங்கள் வந்தன. எண்ணவில்லை.

"நான் பெயரைச் சொல்லவில்லையே" என்றேன் மாசிலாமணியிடம்.

"பேரு எதுக்கு நைனா? அவன் அம்மா கண்ணு தெரியாதவ. நீ கெடக்கட்டும்னு சொன்னதும் எழுந்து நின்னுட்டா."

நான் வெளியூர்க்காரன், என் ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். ஏரி ஓரமாகவே நடந்துகொண்டு நிறையப் பேசினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், தன் அண்ணனும் ரயில்வேக்குப் போனவர்தான் என்றும், அன்றைக்குக் கயிற்றுக்குள் மறித்து ஆடி அதை வெளியே கொண்டுவந்தது தான்தான் என்றும் சொன்னார். "அண்ணி இன்னிக்கும் எங்கிட்ட பேசறதில்ல. கயிறு சுத்தியாச்சுன்னா சுத்தினதுதான். பொய் சொல்லலாம்னு உனுக்குச் சொன்னேனே, நைனா?"

நான்காம் நாள் பச்சையம்மா என்னோடு படகில் ஏறினாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை, ஆகவே போய்ப் பார்த்துவிட்டு வருவதாக ஊரில் சொல்லியிருந்தாள். மடியில் ஒரு மூட்டை. தேங்காய் எண்ணெய், மஞ்சள், வேப்பிலை, ஒரு பொட்டலம் இறால் கருவாடு. பஸ்ஸில் கண்டக்டர், "யம்மா, கருவாட்ட மேல போடு, பேஜாரா கீது" என்றார். "மேல போட்டா நீ துன்னுடுவ" என்றாள். பஸ் சிரித்தது. என்னோடு அதிகம் பேசவில்லை. ஆலைக் கேட் எந்தப் பக்கம், ஷிப்டு எப்போது விடும் என்று மட்டும் கேட்டாள். நான் டிக்கெட் வாங்கப் போனபோது தடுத்துத் தன் டிக்கெட்டைத் தானே வாங்கிக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அன்னிக்கு நண்டு ஊத்தும்போது கேட்டேன் இல்ல சார்?"

"கேட்டீர்கள்."

"அப்பவே காதோட சொல்லியிருந்தா போதும்."

அவருக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

ஆலைக் கேட்டுக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம் நின்றோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சங்கு ஊதியது. ஆட்கள் வெளியே வந்தார்கள், ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். ஏகாம்பரம் கடைசியில், மெதுவாக வந்தார். முதலில் மனைவியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு பக்கத்தில் என்னைப் பார்த்தார். அவர் எதையும் கேட்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பச்சையம்மா குறுக்கே ஓடிப்போய் அவர் வலது கையைப் பிடித்தாள். சாலை ஓரத்திலேயே உட்காரவைத்துத் துணியை அவிழ்க்கத் தொடங்கினாள். நான் சாலையைக் கடந்து அவர் முன்னால் போய் நின்று, நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல், வரிசையாக, நிருபர் செய்தி சொல்வதுபோலவே சொன்னேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் முழுவதையும் கேட்டார்.

"பேப்பர்ல எழுதியிருந்தாக்கூட பரவால்ல சார்" என்றார். "எங்க திட்டுல யாரும் பேப்பர் படிக்க மாட்டாங்க. ஆடிட்டீங்களே."

மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் அவர் "கெடக்கட்டும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. லாரி ஒன்று போய் மறையும்வரை காத்திருந்து, எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மனைவியின் பக்கம் குனிந்தார்.

"எப்டி ஆடினாரு?"

பச்சையம்மா தலை நிமிரவில்லை. "நீயேதான்" என்றாள்.

நான்கு நாட்களில் நான் செய்தவற்றை எல்லாம் எண்ணி வெட்கப்பட்டுக்கொண்டுதான் அங்கே நின்றேன். அவள் அப்படிச் சொன்னதைக் கேட்டதும், ஒரு கணம், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.